சௌதாம்ப்டன் பழைய பௌலிங் கிரீன்: 1299 என்ற ஆண்டை எவ்வளவு நம்பலாம்?

கேட்கப்பட்டவை இரண்டு. இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 1299 முதல் ஒரே இடத்தில் லான் பௌல்ஸ் ஆடுகிறார்கள் என்பது உண்மையா? ஓர் உள்ளூர் கிளப் அத்தனை நூற்றாண்டு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? லான் பௌல்ஸ் என்பது புல்தரையில் உருண்டைகளை உருட்டி ஒரு சிறு வெள்ளைப் பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம். அந்தப் புல்தரைதான் பௌலிங் கிரீன்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. எந்தப் பழைய பௌல்ஸ் கிளப்புக்கும் மூன்று வயது உண்டு. நிலத்தின் வயது ஒன்று. அந்த நிலத்தில் ஆட்டம் தொடங்கிய வயது இன்னொன்று. உறுப்பினர், சந்தா, விதி, கணக்குப் புத்தகம் என்று கிளப் அமைந்த வயது மூன்றாவது. வாசல் பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் இவற்றில் மிகப் பழையது. 1299 என்பது இரண்டாவது வகை: அந்த ஆண்டில்தான் அங்கே முதன்முதலில் உருண்டைகள் உருண்டன என்பது வழிவழியாக வரும் செய்தி. நிலம் அதைவிடப் பழையது. இன்று நாம் புரிந்துகொள்ளும் பொருளில் கிளப் என்பது அதற்கு மிகவும் பிந்தியது.

இடம் சௌதாம்ப்டன் பழைய நகரத்தின் தென்கிழக்கு மூலை, லோயர் கேனல் வாக் என்ற தெரு. பக்கத்திலேயே கோட்டைச் சுவரின் முனையில் காட்ஸ் ஹவுஸ் கோபுரம் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே காட்ஸ் ஹவுஸ் என்ற அறச்சாலை எழுந்தது. ஏழைகளும் யாத்திரிகர்களும் தங்கும் இடம். அதன் தலைவர் உலாவவும் பொழுதுபோக்கவும் ஒதுக்கிய அடைப்புதான் பிறகு பௌலிங் கிரீன் ஆனது. மாஸ்டரின் அடைப்பு என்றே அதற்குப் பழைய பெயர். 14ஆம் நூற்றாண்டில் அறச்சாலையே ஆக்ஸ்ஃபோர்டின் குயின்ஸ் கல்லூரியின் பொறுப்புக்குப் போனது.

இரண்டாவது கேள்விக்கான பதிலின் பாதி இதிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அறக்கட்டளை நிலம் எளிதில் விலைக்குப் போகாது. துறைமுக நகரத்தில் தண்ணீருக்கு இவ்வளவு அருகில் ஒரு வெற்றுச் சதுரம் எண்ணூறு ஆண்டுகளாகக் கிடங்காகாமல் தப்பியதற்கு ஆட்டத்தின் மீதான பற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது.

முதலிடத்துக்குப் போட்டியும் உண்டு. டர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்ட், 1294 முதலே எங்கள் கிரீன் இருக்கிறது என்கிறது. ஐந்து ஆண்டு வித்தியாசத்தை வைத்து அடித்துக்கொள்வதில் பயனில்லை. இரண்டு ஊரிலும் 13ஆம் நூற்றாண்டில் ஆடிய ஆட்டம் இன்றைய ஆட்டம் அல்ல. அன்றைக்கு உருண்டையை வளைந்து ஓடவைக்கும் சாய்வு கிடையாது, தரையை அளவெடுத்து அமைக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவான விதி என்று ஒன்றும் இல்லை.

இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஆட்டத்துக்கு அரசாங்கமே எதிரி. வில்வித்தைப் பயிற்சியைக் கெடுக்கிறது, சூதாட்டத்தை வளர்க்கிறது என்பவை காரணங்கள். எட்டாம் ஹென்றியின் 1541ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர், கைவினைஞர், வேலைக்காரர், பழகுநர் யாரும் பௌல்ஸ் ஆடக்கூடாது. கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும், அதுவும் முதலாளியின் வீட்டில் அல்லது அவர் முன்னிலையில் ஆடலாம். மற்றவர்களும் சொந்தத் தோட்டத்துக்கு வெளியே ஆடினால் 6 ஷில்லிங் 8 பென்ஸ் அபராதம். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் நிலம் வைத்திருப்பவர் தம் வளாகத்துக்குள் ஆட அனுமதி தரலாம். இந்தச் சட்டம் 1845 வரை ஏட்டில் இருந்தது. எல்லா ஊரிலும் கண்டிப்பாக நடைமுறையில் இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஆனால் வசதியானவர்களின் தோட்ட ஆட்டம் என்ற சாயல் பௌல்ஸுக்கு ஏன் இவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை இது விளக்கும். சாதாரண மக்களின் கிளப்புகள் கூட்டம் கூட்டமாகத் தோன்றியது 1845க்குப் பிறகுதான்.

சௌதாம்ப்டனில் ஆண்டு சொல்லி உறுதியாகப் பேசக்கூடிய முதல் கிளப் வழக்கம் 1776இல் தொடங்கிய நைட் பட்டப் போட்டி. ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும். ஏற்கெனவே பட்டம் பெற்றவர் மறுபடி கலந்துகொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆடுவார்கள், கூட்டாளி கிடையாது. ஜாக் என்னும் சிறிய வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் நிறுத்தியவருக்கு ஒரு புள்ளி. முதலில் 7 புள்ளி எடுத்தவருக்குப் பட்டம். ஆட்டக்காரர் பலர், புள்ளியோ சுற்றுக்கு ஒன்றே. அதனால் போட்டி ஒரே நாளில் முடியாமல் அடுத்தடுத்த நாள்களுக்கும் நீள்வதுண்டு. முன்பு வென்ற நைட்கள் வால் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து நடுவர்களாக நிற்பார்கள். வென்றவரைக் கிளப்புக்குள் ‘சர்’ என்று அழைப்பார்கள். அரண்மனைக்கும் இந்தப் பட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கிளப்பின் தொடர்ச்சியைக் காப்பாற்றுவதில் இந்த விதி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை வென்றவர் ஆட்டத்திலிருந்து விலகி நடுவராகிறார். ஆகவே ஒரே கெட்டிக்காரர் பத்து வருடம் கோப்பையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. புதியவருக்கு எப்போதும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூத்தவருக்கும் வேலையும் மரியாதையும் தொடர்கின்றன. பல கிளப்புகள் உடைந்துபோவது இந்த இரண்டும் இல்லாததால்தான்.

அதே 1776இல் அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நியூயார்க் நகரத்தின் தென்முனையில் ஒரு நிலத்தை 1733இல் மூன்று குடிமக்களுக்கு ஆண்டுக்கு ஒரு மிளகு வாடகையில் குத்தகைக்கு விட்டார்கள். பௌலிங் கிரீன் அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னாளில் அங்கே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலை வந்தது. 1776 ஜூலை 9 அன்று விடுதலைப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட கூட்டம் போய் அதைச் சாய்த்தது. இன்றும் அந்தப் பூங்காவின் பெயர் பௌலிங் கிரீன்தான். ஆட்டம் போய்விட்டது, கிளப்பும் இல்லை. மூன்று வயது என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நாம் இன்று பார்க்கும் ஆட்டம் ஸ்காட்லாந்தில் உருவானது. அங்கே கில்மார்னாக் கிளப் 1740ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. ஆனால் கிளப்புக்குக் கிளப் விதி மாறிக்கொண்டே இருந்தது. அடுத்த ஊருக்குப் போய் ஆடினால் முதல் ஒரு மணி நேரம் வாதத்தில் கழியும். 1848இல் கிளாஸ்கோவில் ஆட்டக்காரர்கள் கூடி இதைத் தீர்க்க வேண்டும் என்று பேசினார்கள். டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் என்ற கிளாஸ்கோக்காரர் தொகுத்த விதிகள் 1864இல் அச்சாகின. இன்றைய சர்வதேச விதிகளின் எலும்புக்கூடு அதுதான். இன்னொரு பக்கம் 1830இல் எட்வின் பட்டிங் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதற்கு முன் அரிவாள்காரரும் ஆடுகளும்தான் கிரீனைச் சமன்செய்தார்கள். சீரான விதியும் சீரான புல்லும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. குடியேறிகளோடு ஆட்டம் கப்பலேறியது. ஆஸ்திரேலியாவில் 1845இல் டாஸ்மேனியாவின் சாண்டி பேயில் ஆடினார்கள். 1864இல் அமைந்த மெல்போர்ன் பௌலிங் கிளப் இன்றும் இயங்குகிறது.

இனி தரைக்கு வருவோம். ஒரு கிளப்பின் ஆயுள் உண்மையில் இங்கேதான் தீர்மானமாகிறது.

சமதளக் கிரீன் என்றால் சதுரம். ஆடும் திசையில் நீளம் 31 முதல் 40 மீட்டர். சுற்றிலும் 200 முதல் 380 மில்லிமீட்டர் அகலமும் 50 முதல் 200 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம். அதற்கு வெளியே கிரீனின் மட்டத்தைவிடக் குறைந்தது 230 மில்லிமீட்டர் உயரும் கரை. சதுரத்தை நூல் கட்டி 4.3 முதல் 5.8 மீட்டர் அகலமுள்ள பாதைகளாகப் பிரிப்பார்கள். ஒரு பாதைக்கு ரிங்க் என்று பெயர். வழக்கமாக ஆறு ரிங்க் இருக்கும். கிரீன் சதுரமாக இருப்பதற்குக் காரணம் அழகல்ல. ஒரு நாள் வடக்கு தெற்காகவும் இன்னொரு நாள் கிழக்கு மேற்காகவும் ஆடினால்தான் மேட் என்ற கால்விரிப்பைப் போட்டு நிற்கும் இடங்களில் புல் தேய்வது நான்கு பக்கமும் பரவும். நூலையும் அவ்வப்போது சிறிது நகர்த்திக் கட்ட வேண்டும். சோம்பல்பட்டு ஒரே திசையில் ஆடிக்கொண்டே போனால் இரண்டு ஓரங்கள் வழுக்கை விழுந்து பள்ளமாகும். பிறகு அந்தப் பருவத்தில் எதுவும் செய்ய முடியாது. இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கிரௌன் கிரீன் வேறு வகை: நடுப்பகுதி சுமார் ஓரடி உயர்ந்திருக்கும், ரிங்க் கிடையாது, எந்தத் திசையிலும் ஆடலாம். சௌதாம்ப்டன் சமதளம்.

பழைய முறையில் கிரீன் அமைக்கும்போது முதலில் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு வடிகுழாய் பதிப்பார்கள். அதன்மேல் ஓர் அடுக்கு சரளை அல்லது நிலக்கரிக் கசடு, துளைகள் அடையும்படி நுண்சாம்பல் அல்லது மணல், கடைசியில் சலித்த மண். மேலே பதிக்கும் புல்லில் மிகப் புகழ்பெற்றது ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய சால்வே கழிமுகத்தில் வெட்டும் கம்பர்லாந்து புல்தரை. கடல் அலை ஏறி இறங்கும் உப்பு மண்ணில் வளர்ந்த ஃபெஸ்க்யூ, பென்ட் வகை மெல்லிய புற்கள். பார்க்கக் கம்பளம் மாதிரி இருக்கும். ஆனால் கடலும் உப்பும் இல்லாத ஊரில் பதித்துவிட்டுச் செழிப்பாக உரம் போட்டால் சில ஆண்டுகளில் அதை மீறி ஒருபருவப் புல் எனப்படும் போவா அனுவா படரும். உரம் அதிகம், தண்ணீர் அதிகம் என்பதே பெரும்பாலான கிரீன்களைக் கெடுத்த தவறு.

கோடையில் 4 முதல் 6 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுவார்கள். குளிர்காலத்தில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு விடுவார்கள். காலையில் நீண்ட பிரம்பை வீசிப் பனியைத் தட்டிவிட வேண்டும். ஈரம் இலையில் நின்றால் ஃபியூசேரியம் என்று அழைக்கும் பூஞ்சை நோய் வட்டவட்டமாகத் தொற்றும். செப்டம்பர் இறுதியில் ஆட்டம் முடிந்ததும்தான் உண்மையான வேலை. வேருக்கு மேல் சேர்ந்த காய்ந்த நார்ப்படலத்தைக் கீறி எடுப்பது, இறுகிய மண்ணை முட்கம்பியால் ஆழத் துளைப்பது, விதை தூவுவது, மண்ணும் மணலும் கலந்த மேலுரம் இட்டுச் சமன்செய்வது. இதில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒரு தலைவர் மண் போடச் சொல்வார், அடுத்தவர் சுத்த மணல் போதும் என்பார். பத்து வருடம் கழித்துத் துண்டு எடுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். மணலும் மண்ணும் சேரும் கோட்டில் வேர் நின்றுவிடும், தண்ணீர் இறங்காது, கோடையில் அந்த மேல்தோல் காய்ந்து திட்டுத்திட்டாகும். இன்னொன்று, ஆண்டுதோறும் மேலுரம் இட்டுக்கொண்டே போவதால் கிரீன் உயர்ந்துவிடுகிறது. கரை இருந்த இடத்திலேயே இருப்பதால் 230 மில்லிமீட்டர் என்ற அளவு குறைந்துகொண்டே வரும். கணக்கில் எழுதிவைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

வேகத்தை நொடியில் சொல்வார்கள், இது புதியவரைக் குழப்பும். 27 மீட்டர் தூரத்தில் வந்து நிற்க உருண்டை எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கணக்கு. பிரிட்டனின் கனத்த கிரீன்களில் 10 முதல் 12 நொடி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 14 முதல் 18. நொடி கூடினால் கிரீன் வேகமானது என்று பொருள், தலைகீழாக அல்ல. புல் தடுக்காத தரையில் மெதுவாக விட்டாலே உருண்டை அவ்வளவு தூரம் போய்விடும், ஆகவே நேரம் அதிகம் பிடிக்கும். மெதுவாக உருளும்போது வளைவும் கூடும். அதனால் அங்கே பரந்த வளைவில் விட வேண்டும். இங்கிலாந்தில் பழகியவர் மெல்போர்னில் முதல் நாள் திணறுவது இதனால்தான்.

அந்த வளைவுக்குக் காரணம் பயாஸ். உருண்டையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் குறைவாக உருட்டிக் கடைந்திருப்பார்கள். வேகமாக ஓடும்போது ஏறக்குறைய நேராகப் போய், வேகம் குறையக் குறைய அந்தப் பக்கமாகச் சாயும். 1556இல் ராபர்ட் ரெக்கார்ட் எழுதிய வானியல் நூலிலேயே ஒருபக்கம் மாற்றிய உருண்டை வளைந்து ஓடுவது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயம் புதைத்தும் சாய்வு உண்டாக்கினார்கள். இப்போது அதற்கு இடமில்லை, வடிவம் மட்டுமே. பொருள் முதலில் கரீபியக் கடல் நாடுகளின் லிக்னம் வீட்டே என்ற மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். இன்றும் பழைய ஆட்டக்காரர்கள் உருண்டையை ‘வுட்’ என்றுதான் சொல்வார்கள். மரம் வெயிலில் வெடிக்கும், ஈரத்தில் உப்பும், ஒன்றைப்போல் ஒன்று அமையாது. மெல்போர்னைச் சேர்ந்த ஹென்செல் 1918இல் ரப்பரில் செய்து, பிறகு செயற்கைப் பிசினுக்கு மாறினார். இப்போது விட்டம் 116 முதல் 131 மில்லிமீட்டர், எடை 1.59 கிலோவுக்கு மிகாமல். ஜாக்கின் விட்டம் 63 முதல் 64 மில்லிமீட்டர். சாயும் பக்கத்தில் சின்ன வட்டக்குறி இருக்கும். அதை உள்பக்கம் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் உருண்டை பக்கத்து ரிங்குக்குள் புகுந்துவிடும். இப்படி ஒரு முறையாவது செய்யாதவர் கிளப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சங்கங்கள் தாமதமாகவே வந்தன. ஸ்காட்லாந்துச் சங்கம் 1892இல், ஆங்கிலச் சங்கம் 1903இல். ஆங்கிலச் சங்கத்தின் முதல் தலைவர் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ். பெண்களின் சங்கம் 1931இல் தனியாக உருவாகி, 2008இல்தான் ஆண்களின் அமைப்போடு இணைந்தது. உள்ளூர் கிளப்புகளின் வரலாறு என்று அச்சிடும் சிறு வெளியீடுகளில் பெண்கள் பெரும்பாலும் தேநீர் பரிமாறியவர்களாகவே வருவார்கள். பல ஊர்களில் அதே கிரீனில் அவர்களுக்குத் தனிக் கிளப்பும் தனிக் குறிப்பேடும் இருந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1930இல் கனடாவின் ஹாமில்டனில் நடந்த முதல் காமன்வெல்த் போட்டியிலேயே பௌல்ஸ் இருந்தது. நம் பக்கத்தில் இந்த ஆட்டம் செய்தியானது 2022 ஆகஸ்டில். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்கி என்ற இந்தியப் பெண்கள் நால்வரும் அந்த ஆண்டுக் காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவின் விக்டோரியா பூங்காவில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் எடுத்தார்கள்.

கிளப்புகள் மூடுவதற்குக் காரணம் உறுப்பினர் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். நிலம் யாருடையது என்று பாருங்கள். மதுக்கடைக்குப் பின்னால் இருந்த கிரீன், கடை கைமாறும்போது வாகன நிறுத்தமாகும். நகராட்சிப் பூங்காவின் கிரீனில் பராமரிப்புச் செலவைக் கிளப்பே ஏற்க வேண்டும் என்று சொன்ன நாளில் கணக்கு உதைக்கும். தொழிற்சாலை தன் ஊழியர்களுக்குக் கட்டிக்கொடுத்தது ஆலையோடு போகும். சொந்த நிலமோ அறக்கட்டளை நிலமோ உள்ள கிளப், நாற்பது பேர் மட்டும் எஞ்சினாலும் தாக்குப்பிடிக்கும்.

உங்கள் ஊரிலோ நீங்கள் குடியேறிய ஊரிலோ உள்ள கிளப்பின் வயதைச் சரிபார்க்க வேண்டுமானால் பலகையிலிருந்து தொடங்காதீர்கள். பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம் முதலில். அது மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ கிளப்பின் வழக்கறிஞரிடமோ இருக்கும். பிரிட்டனில் என்றால் அடுத்து திருச்சபைக்கான தசமபாக வரிக்காக 1840களில் வரைந்த வரைபடம், அதற்குப் பிறகு அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின், மைலுக்கு 25 அங்குல அளவிலான வரைபடத் தொகுப்பு. எந்தப் பதிப்பில் ‘பௌலிங் கிரீன்’ என்ற எழுத்து முதன்முதலில் தோன்றுகிறது, எந்தப் பதிப்பில் அந்தச் சதுரம் நகர்ந்திருக்கிறது என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கிளப் இடம் மாறியிருந்தால் இங்கே பிடிபடும். மூன்றாவதாகக் கூட்டக் குறிப்பேடும் சந்தாக் கணக்கும். நான்காவது உள்ளூர் செய்தித்தாள்: தொடக்க விழாவைவிட ஏப்ரல், மே மாதப் பருவத் தொடக்கச் செய்திகளில் பெயர்கள் அதிகம் கிடைக்கும். கடைசியாகச் சுவரில் உள்ள தங்க எழுத்துப் பலகைகள். அவற்றில் பெயர் இல்லாத ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1915 முதல் 1918 வரையும் 1940 முதல் 1945 வரையும் வெற்றிடம் இருந்தால் அது போர். வேறு ஆண்டுகளில் இருந்தால் கிரீன் பாழாகி மறுபடி பதித்திருப்பார்கள், இல்லாவிட்டால் கிளப் இரண்டாகப் பிரிந்திருக்கும். பலகையே பிற்காலத்தில் மொத்தமாக எழுதியதா என்பதையும் பாருங்கள்: முதல் முப்பது பெயரும் ஒரே கை, ஒரே மை என்றால் யாரோ நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். அந்த வரிசையைக் குறிப்பேட்டோடு ஒத்துப்பார்க்காமல் எடுத்தாளக் கூடாது.